ஆறு சத்தம்

நான் சத்தமே போடவில்லை. போடுவதற்காக மூச்சை இழுத்தேன், அவ்வளவுதான். வளையத்தை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ‘ஸ்’ என்று சொல்லப் போன அந்த நொடியில், அடுப்பில் சோறு வடிக்காமல் கிடப்பது ஞாபகம் வந்து நாக்கு அப்படியே நின்றுவிட்டது. பாசி விழுந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் டிங் என்று விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற பாசிமணிகளோடு போய்ச் சேர்ந்தது. ரெனிதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கைகள் தட்டின. நான் தட்டவில்லை, கைகள் தாமாகத் தட்டின, மாதக்கணக்கில் தட்டிப் பழகிய கைகள். சூப்பர் என்று வாயும் சொன்னது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் புத்தி வந்து சேர்ந்தது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வருகிற ஆளைப் போல. என்ன சத்தத்துக்குப் போட்டாள்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பயிற்சி நேரத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவேன். மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனை தாண்டிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தூத்துக்குடியின் மத்தியான வெயிலில் காக்காய்கூடக் கத்தவில்லை. என் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்கே கேட்கும் போல இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை அடுத்த பாசியை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதை எழுதும்போது அவள் பக்கத்தில் தூங்குகிறாள். மெஷினைக் கழற்றி ஈரம் உறிஞ்சுகிற டப்பாவில் வைத்தாயிற்று. மெஷின் இல்லாத ரெனிதாவுக்கு ஒன்றும் கேட்காது, பேனா நழுவிக் கீழே விழுந்தாலும், நான் வாய்விட்டு அழுதாலும். பிறந்தபோதே அப்படித்தான். எங்களுக்குத்தான் தெரியவில்லை. முதல் கிறிஸ்துமஸுக்குத் தெருவில் சரவெடி போட்டார்கள், ஜன்னல் அதிர்ந்தது, என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தைரியமான பிள்ளை, ஹார்பர்ல கிரேன் ஓட்டப் போவா என்று சொல்லி எல்லாரும் மெச்சினார்கள், நானும் பூரித்துப் போய் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். தெரிய வந்த பிறகு அலைச்சல், பரிசோதனை, காப்பீட்டில் ஆபரேஷன். தலைக்குள்ளே மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னால் மெஷின், அதிலிருந்து ஒரு வயர் போய் மண்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற வட்டு. மாட்டிவிட்டால் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தோம், கண்ணாடி மாட்டினால் தெரிகிற மாதிரி. பயிற்சி கொடுக்கிற ரஹீமா மேடம்தான் முதல் நாளே சொன்னார்: “சத்தம் உள்ள போயிடும், ரெனிதாம்மா. ஆனா கேக்கறத பாப்பா படிக்கணும்.” என்னைவிட வயதில் சின்னப் பெண், படித்து முடித்து வந்த முதல் வேலை, மேஜையில் எப்போதும் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பார். கேட்பதைப் படிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மூச்சு விடுவதை யாராவது படிக்கிறார்களா? மூளைக்குள் அதற்கான கதவு சின்ன வயதில்தான் திறந்திருக்குமாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொள்ளுமாம். அவர் அதை மிட்டாயைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து அந்தக் கதவின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்.

ஆறு சத்தம். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். இந்த ஆறும் கேட்டால் மனுசர் பேசுகிற எல்லாமும் ஓரளவு கேட்கும் என்பது கணக்கு. தினமும் பிள்ளையின் கையில் ஒரு பாசியைக் கொடுத்து, காதோரம் பிடிக்க வைத்து, நாம் ஒரு சத்தம் போட வேண்டும், கேட்டதும் அவள் பாசியைக் கிண்ணத்தில் போட வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். கையால் மறைத்தால் சத்தம் அமுங்கிவிடும் என்பதால் மேடம் ஒரு வளையத்தில் மெல்லிய கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி வைத்திருந்தார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எம்பிராய்டரி வளையம். கான்வென்டில் எனக்கு வாங்கிக் கொடுத்தது அம்மா வீட்டில் இன்னும் இருந்தது, ரோஜா இதழுக்கு சாட்டின் தையல் போட்டுப் பாதியில் விட்டது. எடுத்துக்கொண்டு வந்து, ரோஜாவை உருவிப் போட்டுவிட்டு, கறுப்புத் துணி கட்டினேன். அந்த வளையத்துக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் இத்தனை மாதமாக என் பிள்ளையோடு பேசுகிறேன். வாயை மறைத்தேன். வாயை மட்டும்தான் மறைத்தேன்.

சோறு குழையட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தேன். இது தற்செயல் என்று ஆகிவிடாதா என்ற நப்பாசை. மூச்சை இழுத்தேன். சத்தம் போடவில்லை. பாசி விழுந்தது. மறுபடி. விழுந்தது. அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது, இன்றைக்கு அம்மா வேகமாக விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள். பிறகு நான் இன்னொன்றும் செய்தேன், செய்யாமலே இருந்திருக்கலாம். மூச்சை இழுக்காமல், தோளைத் தூக்காமல், புருவத்தை அசைக்காமல், கல்லுச் சிலுவை மாதிரி உட்கார்ந்துகொண்டு, மிச்சமிருந்த காற்றில் ‘ஊ’ என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் அசையவில்லை. பாசியைக் காதோரம் பிடித்தபடி, கண்ணை என் தோளில் வைத்துக் காத்திருந்தாள். ஆமாம், தோளில். முகத்தில்கூட இல்லை. நான் ஒவ்வொரு சத்தத்துக்கு முன்னாலும் தோளைக் கொஞ்சம் உயர்த்துகிறேன் போல. எனக்கே தெரியாத என் தோள். அவளுக்கு அது மனப்பாடம். ‘ஊ’ என்று இன்னொரு தடவை சொன்னேன், கூடாது, ஒரு சத்தத்தை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், ஆனாலும் சொன்னேன், தொண்டை கட்ட மூன்றாவது தடவையும் சொன்னேன், அந்தச் சின்ன முகம் அப்படியே பொறுமையாக, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்கிற மாதிரி இருந்தது. நான் தோளைத் தூக்கினேன். வேண்டுமென்றே இல்லை, விம்மல் வந்து தூக்கியது. டிங்.

அவளை எப்படிக் குறை சொல்வேன். என் வயிற்றில் பிறந்தவள். கான்வென்டில் சிஸ்டர் எமரென்ஷியா வாய்ப்பாடு கேட்கும்போது இடுப்பில் தொங்குகிற ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பார். செவன் எய்ட்ஸ் ஆர்? நான் எழுந்து நிற்பேன், ஃபிஃப்டீ என்று இழுப்பேன், ஃபிஃப்டீ ஃபோர் சொல்ல உதட்டை மடக்கினால் சிஸ்டரின் விரல் ஒரு மணியில் நின்றுவிடும். உடனே அதை விழுங்கிவிட்டு, ஃபைவ் என்று வாயைத் திறந்து பார்ப்பேன், விரல் நின்றபடியே இருக்கும். சிக்ஸ் என்று தொடங்கும்போதே மணி உருள ஆரம்பித்துவிடும். வெரி குட் ஜெசிந்தா. சிஸ்டருக்குத் தன் விரல் பேசுவது தெரியாது, எனக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது, திருட்டுத்தனம் என்று நினைத்ததே இல்லை, படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். எதிரே நிற்கிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு வருசமும் பரிசு வாங்கினேன். இன்றைக்கும் காய்கறிக் கடையில் ஏழு எட்டைப் பெருக்க வந்தால் கணக்குப் போடப் போனைத் தடவுகிறேன். தெரியாது சிஸ்டர் என்று சொன்ன பிள்ளைகள் பெஞ்சுமேல் நின்றார்கள். கஸ்மீர் மேரி என்று ஒருத்தி, தினமும் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும், கப்பல் வந்திருக்கு, பச்சைக் கப்பல் என்று இறங்கி வந்து எங்களுக்குச் சொல்லுவாள். எனக்குப் பெஞ்சுமேல் நிற்க ஆசையாக இருக்கும். ஆனால் தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வராது. இன்றைக்கும் வராது. டாக்டர் புரியுதாம்மா என்று கேட்டால் புரியாமலே தலையை ஆட்டுகிறவள் நான்.

அப்புறம்தான் அடுத்த பயம் வந்தது. அது மெதுவாக வந்தது. வீட்டில்தான் இப்படி, மேடத்தின் அறையில் அப்படி இல்லையே, அங்கே அவர்தானே சத்தம் போடுகிறார், அதுவும் பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அங்கேயும் ஆறுக்கு ஆறு போட்டாளே என்று ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. உடனே அந்த அறை கண்முன் வந்தது. குட்டை மேஜை, பிள்ளை, பின்னால் மேடம். எதிரே யார்? எதிரே நான். பிள்ளை அழக் கூடாது என்று என்னை எதிரே உட்காரச் சொல்லியிருந்தார்கள். மேடம் ‘ஷ்’ என்று சொன்னதும், ஆண்டவரே, பிள்ளை போட்டுவிட வேண்டும் என்று நான் மூச்சைப் பிடிப்பேன். பிடித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும், எனக்கு நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. என் கண் அகன்றிருக்கும். உதடு ஒட்டியிருக்கும். என் முகத்தில்தான் அவள் ஆறு சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். அவள் போடுகிற பாசியை வைத்துத்தான் மதுரையில் மேப்பிங் பண்ணுகிறவர் மெஷினை கம்ப்யூட்டரில் மாட்டி, எந்தச் சத்தத்தைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று திருத்துவார். போன தடவை மேடத்தின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஆறும் கேட்கிறதே, இப்படியே இருக்கட்டும் என்று ஒன்றையும் தொடாமல் அனுப்பினார். நாங்கள் சந்தோசமாக அல்வா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அப்படியானால் இத்தனை மாதமாக மெஷின் போதாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கதவு சாத்திக்கொண்டிருக்கிறது, நான் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு மறுபடி மேப்பிங். என் வீட்டுக்காரர் ரூபன் லீவு சொல்லியாயிற்று. கன்டெய்னர் யார்டில் அவருக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினார், பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளைக்கு எந்த கவுன் என்று கேட்டுவிட்டு, இந்தத் தடவையும் ஆறு வந்துவிட்டால் ஜூனில் கான்வென்டில் சேர்த்துவிடலாம், நான் படித்த அதே பள்ளிக்கூடம், பேர் கூப்பிட்டால் திரும்பினால் போதும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொன்னார். அவர் பின்னால் இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பெட்டியின்மேல் பெட்டி இறங்குகிற சத்தம். ரெனிதா பாசி போடுகிற வீடியோ ஒன்று எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். துபாயில் இருக்கிற அவர் தம்பி அதைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டானாம். அந்த வீடியோவில் நான் இல்லை, என் வளையத்தின் ஓரம் மட்டும் தெரியும், பிள்ளையின் கண் வளையத்துக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். சாமியப் பாக்குத மாதிரி பாக்கா பாருங்க என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் போனில் சரி சரி என்றேன்.

மோட்டார் போட வந்த செலின் மைனி, ரூபனின் அக்கா, மாடியில்தான் குடியிருக்கிறார்கள், வாசல்படியில் நின்று என்னையும் பிள்ளையையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “ஏட்டி, சோறு அடிப்பிடிக்குத வாசன தெருவுக்கே வருது. ஆத்தாளும் மவளும் கிண்ணத்த வச்சுக்கிட்டு வேளாங்கண்ணிக் கோயில் வாசல்ல இருக்குத மாதிரில்லா இருக்கிய” என்றார்கள். நான் சிரித்தேன். அழாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. மைனியே போய் அடுப்பை அணைத்தார்கள், அணைத்துவிட்டு அவர்களுடைய பழைய பாட்டைத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கைப்பாஷை சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் படித்த பெண் ஒருத்தி மைனியின் மாமியார் வீட்டுத் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாளாம், புருசனை அவள் கையாலேயே ஏசுகிற ஏச்சுக்குத் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்குமாம், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாம் புரியுமாம். “இவளையும் அங்க விட்டா ஒரு வருசத்துல உன்னய அந்த மாதிரி ஏசிருவா. இந்த ஆ, ஊ எதுக்குட்டி?” மைனி கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்கு முதன்முதலில் மெஷின் மாட்டிய அன்று எங்களைவிட அதிகமாக அழுதது அவர்கள்தான். ஒருவேளை அதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. அந்தக் கையும் ஒரு பாஷைதானே. ஆனால் வேண்டும் என்று எடுத்துக்கொள்வது வேறு, நான் கெடுத்துவிட்டதால் அங்கே போய் நிற்பது வேறு. மைனியிடம் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். சொன்னால் ராத்திரிக்குள் துபாய் வரைக்கும் போய்விடும். மைனி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு மேலே போனார்கள். ரெனிதா அவர்கள் போகிற முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பி, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த மூடியை எடுத்துத் தன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ம்ம்ம்ம் என்றாள்.

இது கொஞ்ச நாளாக நடக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாயை மறைத்துக்கொள்கிறாள். மூடி, சாஸர், செருப்பு, ஒரு நாள் கோயிலில் என் முந்தானை. முதலில் பார்த்தபோது ரூபன் விழுந்து விழுந்து சிரித்தார், நானும்தான். பேசுவது என்றால் வாயை மறைத்துக்கொள்வது என்று அவள் படித்து வைத்திருக்கிறாள். நாம் அப்படித்தானே பேசுகிறோம். எவ்வளவு சுத்தமாகப் படித்திருக்கிறாள், ஒரு பிசகு இல்லை. மூடிக்குப் பின்னால் ம்ம்ம் என்று ஏற்றி இறக்கிச் சொல்லிவிட்டு, மூடியை இறக்கி, நான் கை தட்டுகிறேனா என்று பார்ப்பாள். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று, அவள் படித்தது ஒன்று என்று நினைத்து நினைத்து மத்தியானம் முழுவதும் மண்டை காய்ந்தது. இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் படித்தாள். என் பயத்தைப் படித்தாள். அது மூச்சாகவும் தோளாகவும் அவள் கண்முன்னே தினமும் ஏறி இறங்கியது, அதைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை. மெஷினுக்குள் வருகிற சத்தமோ எங்கேயோ தூரத்தில், அர்த்தமில்லாமல், கரகர என்று. எதைப் பிடித்துக்கொள்வாள்? நானாக இருந்தாலும் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் கேட்கிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கொடுத்தேன். குடித்தாள். அடிப்பிடித்த சோற்றில் மேலாக எடுத்துத் தயிர் போட்டு ஊட்டினேன், வாயை மறைக்காமல், ஒன்றும் பேசாமல். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே. இந்த உலகத்தில் என் முகத்தை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை, கட்டிக்கொண்டவர்கூட. அது போய்விடுமே என்று ஒரு துக்கம் வந்தது. இப்படியும் ஒரு தாய் நினைப்பாளா என்று அதன்மேல் இன்னொரு துக்கம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். உடனே திரும்பிவிட்டாள். தலையைப் பிடித்து மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். திரும்பினாள். எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து உட்கார்ந்தாள், இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட அம்மாவுக்கு எடுத்துச் சொல்வது போல. மறுபடி சுவர்ப் பக்கம். அழுதாள். காலை உதைத்ததில் பாசி கட்டிலுக்கடியில் எல்லாம் ஓடியது. பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பொறுக்கினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு எப்படியோ இறங்கிவந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், ஆனால் பின்னால் நகர்ந்து நகர்ந்து தன் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். சரி, இருக்கட்டும் என்று ‘ம்’ என்றேன். டிங். எனக்கு உயிர் வந்தது. ‘ஊ’ என்றேன். டிங். ‘ஷ்’ என்றேன், ஒன்றுமில்லை. மறுபடி ‘ம்’, டிங். அப்போதுதான் உறைத்தது, என் நெஞ்சு அதிர்கிறது, அவள் முதுகால் கேட்கிறாள். எங்கெங்கே என்னிடமிருந்து கசிகிறதோ அங்கெல்லாம் வந்து உறிஞ்சிக்கொள்கிறது இந்தப் பிள்ளை. ஒரு சாண் நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள். நான் இன்னும் நகர்ந்தேன். அவள் கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். பாசியை எடுத்துக் காதோரம் வைத்தாள். மெஷினின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் பின்கழுத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. முடி சுருண்டு, வேர்வையில் ஒட்டி, நடுவில் ஒரு மச்சம்.

‘ஆ’ என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருங்க ரெனிதாம்மா, பாப்பா யோசிக்க நேரம் குடுங்க என்று மேடம் ஒவ்வொரு வாரமும் சொல்வார், நான் காத்திருந்ததே இல்லை. பதில் வராத இடத்தில் எனக்கு சிஸ்டரின் விரல் நின்றுபோவதுதான் தெரியும், உடனே எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன், தலையை ஆட்டுவேன், கண்ணைக் காட்டுவேன். இப்போது காட்ட முகம் இல்லை. காத்திருந்தேன். மாடியில் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது, மைனி மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள், யாரும் போகவில்லை, வழியட்டும் என்று இருந்தேன். அவள் கை அசைந்தது. பாசி விழுந்தது. ‘ஆ’ என்றால் விழுகிறது. சும்மா இருந்தேன், வேண்டுமென்றே, அவளும் சும்மா இருந்தாள். இன்னொரு தடவை ‘ஆ’. நேரம் பிடித்தது, ஆனால் விழுந்தது. கை தட்ட வந்த கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். ‘ஊ’வுக்கு விழுந்தது. ‘ம்’ விழுந்தது, இந்தத் தடவை முதுகில் நான் இல்லை. ‘ஈ’க்குக் கை கொஞ்சம் இறங்கி, சந்தேகப்பட்டு, மேலே போய்விட்டது. ‘ஷ்’ என்றேன். காத்திருந்தேன். எவ்வளவு காத்திருக்கலாமோ அவ்வளவும். ‘ஸ்’ என்றேன். அவள் திரும்பவில்லை, பாசியைக் கீழே போடவும் இல்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், எதையோ தேடுகிற மாதிரி, சுவருக்குள் எங்கேயோ. பிறகு மெதுவாகத் திரும்பினாள். என் தோளைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. என் கையை எடுத்து, விரலைப் பிரித்து, உள்ளங்கையில் அந்தப் பாசியை வைத்து மூடினாள். இது இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். வரவில்லை, இதை நீயே வைத்துக்கொள். இதுவரை ஒரு பாசியைக்கூட அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்ததில்லை. மூடிய கையை நான் அப்படியே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரூபன் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே கேட்டார். அப்ப அந்த வீடியோ என்றார். அதுவும்தான் என்றேன். உனக்கு எப்ப இருந்து தெரியும் என்று கேட்டதற்கு இன்றைக்கு மத்தியானம் என்றேன், நம்பினாரா என்று தெரியவில்லை. பிள்ளை ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள், அவர் தூக்கவில்லை, பிறகு தூக்கினார். அவளை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நாளைக்கு நாமளா எதுவும் சொல்ல வேண்டாம். அவங்கதானே படிச்சவங்க, அவங்களே கண்டுபிடிக்கட்டும்.” பிள்ளையைப் பற்றி இல்லை, என்னைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அங்கே நாலு பேர் முன்னால் இவள் தலைகுனிந்து நிற்க வேண்டாமே என்று. ஆனால் அங்கேயும் பாசி போட வைத்துத்தான் பார்ப்பார்கள், நான் எதிரே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. நான் எவ்வளவுதான் மூச்சைக் கட்டினாலும், கல்லாக இருந்தாலும், எங்கேயாவது அசைந்துவிடுவேன், அவள் எடுத்துக்கொள்வாள், டிங் என்று விழும், மெஷின் இப்படியே இருக்கட்டும் என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். மூணுதான் சார், மத்தது தெரியாது சார். வாயை மூடிக்கொண்டு பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், தெரியாது என்கிற இடத்தில் தலைதான் ஆடுகிறது, ஆடினாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ரூபனும் உள்ளே இருக்கக் கூடாது, அவருக்கும் புருவம் இருக்கிறது. இதுவரை ஒரு அறையிலும் ரெனிதா என் முகம் இல்லாமல் இருந்ததில்லை. தேடுவாள். எழுந்து வந்து கதவைத் தட்டுவாள், வாயை எதையாவது வைத்து மறைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள், அழுவாள். நான் போகக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு எல்லாம் கேட்கும்.